அருகில் வளர்ந்த தேக்கில் ஒரு வீட்டுத் தரை: தேர்வும் உலர்த்தலும் ஒரு பிழையும்

எங்கள் வீட்டின் தரைத்தளத்தில் கூடத்துக்கும் இரண்டு படுக்கையறைகளுக்குமாக ஏறத்தாழ 42 சதுர மீட்டர் பரப்புக்கு மரத்தரை போடுவது என்று முடிவானபோது, இரண்டு மரங்கள் எங்கள் முன் இருந்தன. ஒன்று, கடல் கடந்து வரும் ஜடோபா. ஒன்றோடொன்று பொருந்தும்படி நாக்கும் காடியும் எடுத்து, மெருகும் பூசி, பெட்டியில் அடுக்கி வரும் அந்தப் பலகைகளைப் பிரித்த அன்றே பதித்துவிடலாம் என்று விற்பவர் உறுதி சொன்னார். மற்றொன்று, வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் சென்றுவிடக்கூடிய ஒரு தோட்டத்தில் வளர்ந்து, வெட்டப்பட்டு, பட்டையோடு உருளைகளாகக் கிடந்த தேக்கு. இரண்டாவதைத் தேர்ந்தோம். அந்த உருளைகளைப் பார்த்த நாளிலிருந்து தரையில் கால் வைத்து நடந்த நாள்வரை பதினான்கு மாதங்கள் ஆயின. அந்தக் காலத்தில் எடுத்த முடிவுகளையும் அவற்றின் காரணங்களையும், ஓர் அறையில் நாங்கள் செய்த பிழையையும் இங்கே பதிவு செய்கிறேன். அருகில் கிடைக்கும் மரத்தை நாட வேண்டும் என்று விரும்புவோர் பலர். ஆனால் அந்த விருப்பம் எந்த வேலையையெல்லாம் தங்கள் தலையில் ஏற்றும் என்பதை முன்கூட்டி அறிந்து இறங்குவோர் சிலரே.

தொடக்கத்தில் எங்களை இழுத்தது தூரம்தான். உலகின் மறுகோடியிலிருந்து ஒரு பலகையை வரவழைப்பதில் எரிபொருள் எவ்வளவு வீணாகும் என்ற எண்ணமே முதலில் வந்தது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தபோது அந்த வாதம் நாங்கள் நினைத்த அளவுக்கு வலுவாக இல்லை. பெரிய சரக்குக் கப்பல் ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல வெளியிடும் கரியமில வாயு ஏறத்தாழ 10 முதல் 20 கிராம். லாரிக்கு அது 100 கிராம் அளவில் இருக்கிறது, பாதி நிறைந்த சிறு வண்டியாக இருந்தால் இன்னும் கூடும். ஆகவே கப்பலில் வந்த பத்தாயிரம் கிலோமீட்டரும் லாரியில் வந்த ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரும் ஏறத்தாழ ஒன்றே. எங்கள் தரைக்குத் தேவையான மரம் 20 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு கன மீட்டருக்கும் குறைவு, எடை அரை டன் அளவு. அதைக் கப்பலில் கொண்டுவருவதால் எழும் உமிழ்வு ஐம்பது முதல் நூறு கிலோகிராம். உலர்ந்த மரத்தின் எடையில் பாதி கரிமம் என்பதால், அந்தத் தரை நிலைத்திருக்கும்வரை தன்னுள் கட்டிவைத்திருக்கும் கரியமில வாயுவோ அதைவிடப் பல மடங்கு. எனவே தரை எத்தனை ஆண்டுகள் உழைக்கிறது என்பதே அது எத்தனை மைல் பயணம் செய்தது என்பதைவிடப் பெரிய கேள்வி. பத்து ஆண்டுகளில் பெயர்த்தெறியப்படும் உள்ளூர்ப் பலகையைவிட அறுபது ஆண்டுகள் நிற்கும் வெளிநாட்டுப் பலகை மேலானது என்று ஒருவர் சொன்னால் அதை என்னால் மறுக்க முடியாது.

அப்படியிருந்தும் தேக்கையே தேர்ந்ததற்குக் காரணம் வேறு. அருகில் இருக்கும் மரத்தை நேரில் போய்ப் பார்க்க முடியும். அதைப் பற்றிக் கேள்வி கேட்க முடியும். பதிலைக் கண்ணால் சரிபார்க்கவும் முடியும். பெட்டியில் வரும் பலகையிடம் இவற்றில் எதையும் செய்ய இயலாது. என் மதிப்பீட்டில் உள்ளூர் மரத்தின் முதன்மையான பயன் இதுதான்.

தேக்கு இயற்கையாக வளர்வது இந்தியா, மியான்மர், தாய்லாந்து, லாவோஸ் ஆகிய நான்கு நாடுகளில் மட்டுமே. ஆனால் நடவு செய்யப்பட்ட தேக்கு இன்று வெப்பமண்டலம் எங்கும் உண்டு. நடப்பட்ட மரம் என்பதாலேயே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. தேக்கின் புகழுக்குக் காரணமான உறுதியும் கரையானை எதிர்க்கும் தன்மையும் அதன் வைரத்துக்கு, அதாவது நடுவில் முதிர்ந்த பகுதிக்கு, மட்டுமே உரியவை. வைரத்தைச் சுற்றியுள்ள, தச்சர்கள் வெள்ளை என்று சொல்லும் வெளிப்பகுதி எந்தச் சாதாரண மரத்தையும் போல உளுத்துப்போகக்கூடியது. இளம் வயதில் வெட்டிய மரத்தில் அந்த வெள்ளையின் பங்கு அதிகம். ஆகவே தோட்டத்துக்குச் சென்ற முதல் நாளில் நாங்கள் பார்த்தது மரத்தின் பருமனை அல்ல, உருளையின் வெட்டுமுகத்தை. பழுப்பு நிற வட்டம் எவ்வளவு, அதைச் சுற்றிய வெளிர் வளையம் எவ்வளவு என்று ஒவ்வோர் உருளையிலும் அளந்து குறித்தோம். மூன்று உருளைகளில் நடுக்குருத்து நட்டநடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. சரிவில் சாய்ந்து வளர்ந்த மரத்தின் அடையாளம் அது. அத்தகைய மரத்தில் ஒரு பக்க இழைகள் எப்போதும் இழுவிசையில் இருந்திருப்பதால், பலகையாக அறுத்த பிறகு அவை நீளவாக்கிலும் சுருங்கி வில்லாக வளையும். அந்த மூன்றையும் விட்டுவிட்டோம். பெட்டிப் பலகையில் இதைக் கண்டறிய வழியே இல்லை.

உரிமைச் சான்றுகளையும் அதே நாளில் கேட்டோம். நிலம் யாருடையது, வெட்ட அனுமதி உண்டா, உருளைகளில் இடப்பட்ட குறியும் தாளில் உள்ள எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்பதே கேள்வி. அருகில் வளர்ந்தது என்பதால் ஒரு மரம் நேர்வழியில் வந்ததாகிவிடாது. திருட்டு மரமும் அருகிலிருந்துதான் வருகிறது. 1993-இல் தொடங்கிய வனப் பொறுப்பாண்மைக் குழுமத்தின் சான்று, மரம் காட்டிலிருந்து கடைவரை கைமாறிய தொடரைக் காட்டும். ஆனால் சில ஏக்கர் மட்டும் வைத்திருக்கும் தோட்டக்காரர்களுக்கு அந்தச் சான்றைப் பெறுவது சுமை என்பதால், எங்களுக்கு மரம் தந்தவரிடம் அது இல்லை. வெட்டிய அடிக்கட்டைகளையும் அவற்றின் பக்கத்தில் நட்டிருந்த புதுக் கன்றுகளையும் அவர் காட்டினார். சான்றிதழுக்கு அது முழு ஈடாகாது என்றாலும், எங்கள் முடிவுக்கு அது போதுமானதாக இருந்தது. இறக்குமதி மரத்தின் பக்கம் நிலைமை இன்னும் சிக்கலானது: தரைக்குப் பெரிதும் பயன்படும் இப்பே, குமாரு ஆகிய தென்னமெரிக்க மரங்களை அழிநிலை உயிரின வணிக உடன்படிக்கையின், ஏற்றுமதிக்கு அனுமதிச் சான்று கேட்கும் இரண்டாம் பட்டியலில் சேர்க்க 2022-இல் முடிவு எடுக்கப்பட்டு, 2024 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஜடோபா அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்ட மரம் அல்ல. ஆனாலும், எங்களுக்குக் காட்டப்பட்ட பெட்டிகளின் மரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்ற கேள்விக்கு விற்பவரால் நாட்டின் பெயரைத் தவிர வேறெதையும் சொல்ல இயலவில்லை.

கடினத்தன்மை பற்றிய வாதத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு உருண்டையை அதன் பாதி ஆழத்துக்கு மரத்தில் அமிழ்த்த எவ்வளவு விசை வேண்டும் என்று அளப்பது ஜங்கா சோதனை. அதில் தேக்கு ஆயிரம் பவுண்டு அளவில் நிற்கிறது, மேலைநாட்டுத் தரைகளில் வழக்கமான வெள்ளை ஓக் 1,360, ஜடோபா 2,300-க்கும் மேல். விற்பவர் இந்த எண்களைக் காட்டித் தேக்கு மென்மையானது என்றார். எண்கள் சரியானவையே. ஆனால் வீட்டுத் தரையை முதலில் கெடுப்பது அமுக்கம் அல்ல, காலணியோடு உள்ளே வரும் மணல். அது மரத்தை எட்டும் முன் மேற்பூச்சைக் கீறுகிறது, அந்தப் பூச்சு எந்த மரத்தின் மேலும் ஒரே பூச்சுதான். கனமான நாற்காலிகள் அடிக்கடி இழுபடும் கூடமாக இருந்தால் நான் வேறு விதமாக யோசித்திருப்பேன்.

மரத்தின் அசைவு பற்றிய கேள்விதான் எங்கள் தேர்வை உறுதிப்படுத்தியது. மரம் காற்றின் ஈரத்துக்கேற்ப வாழ்நாள் முழுவதும் வீங்கிச் சுருங்கிக்கொண்டே இருக்கும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காடு என்றால் மரத்துக்குள் நிற்கும் ஈரம் அதன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 9 விழுக்காடு. 65 என்றால் 12. 80 என்றால் 16. பச்சை மரம் முற்றிலும் உலரும்வரை வளையங்களை ஒட்டிய திசையில் தேக்கு 5.8 விழுக்காடு சுருங்குகிறது, மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் 2.5 மட்டுமே. வெள்ளை ஓக்குக்கு இதே அளவுகள் 10.5, 5.6. இந்தச் சுருக்கம் மரத்தின் ஈரம் 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போதுதான் தொடங்குகிறது. ஆகவே ஈரம் ஒரு விழுக்காடு மாறினால் தேக்குப் பலகை அகலத்தில் ஏறத்தாழ 0.19 விழுக்காடு மாறும், ஓக் 0.35 விழுக்காடு. எங்கள் வீட்டுக்குள் ஈரமான பருவத்துக்கும் வறண்ட பருவத்துக்கும் இடையே மரத்தின் ஈரம் ஐந்து விழுக்காடு ஏறி இறங்குகிறது. அப்படியானால் 120 மில்லிமீட்டர் அகலத் தேக்குப் பலகை ஒன்று ஒரு மில்லிமீட்டர் அசையும். அதே அகல ஓக் இரண்டு மில்லிமீட்டரை எட்டும். ஒரு பலகைக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது அற்பமாகத் தோன்றலாம். 3.6 மீட்டர் அகல அறையில் அத்தனை பலகைகளும் சேர்ந்து அசைந்தால் அது ஏறத்தாழ 34 மில்லிமீட்டர்.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு முடிவுகள் பிறந்தன. பலகையின் அகலத்தை 90 மில்லிமீட்டராகக் குறைத்தோம், அதனால் ஒவ்வோர் இடுக்கிலும் தெரியும் விரிசல் சிறிதாகும். இயன்றவரை, வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி ஆரப்போக்கில் அறுக்கச் சொன்னோம், அதனால் அசைவு பாதிக்கும் கீழே போகும். இரண்டாவது விருப்பம் முழுமையாக நிறைவேறவில்லை. சிறிய உருளையை அப்படி அறுத்தால் கழிவு மிகுதி. பொதுவாகவே உருளையில் பாதி அளவு சிராயும் தூளுமாகப் போய்விடும். இறுதியில் மூன்றில் ஒரு பங்கு பலகைகளே ஆரப்போக்கில் கிடைத்தன. அவற்றைக் கூடத்துக்கு ஒதுக்கினோம், ஏனென்றால் அங்கேதான் சன்னல் வழியே நேர்வெயில் விழுகிறது.

உலர்த்தலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். உள்ளூர் மரம் வாங்குபவர்களில் பெரும்பாலோர் தோற்பது இந்த இடத்தில்தான். பெட்டிப் பலகை விற்கும் நிறுவனம் செய்து முடித்திருக்கும் வேலை இங்கே வாங்குபவரின் பொறுப்பாகிறது. அறுவை ஆலையிலிருந்து 27 மில்லிமீட்டர் கனத்தில் பலகைகள் வந்த அன்றே அவற்றின் இரு முனைகளிலும் மெழுகு பூசினோம். வெட்டுமுனை வழியே நீர் வெளியேறும் வேகம் பக்கங்கள் வழியே வெளியேறும் வேகத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் என்பதால், பூசாமல் விட்டால் முனைகள் முதலில் உலர்ந்து வெடிக்கும். கூரை உண்டு, சுவர் இல்லை என்ற நிலையில் ஒரு கொட்டகையைத் தேர்ந்து, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் சட்டங்கள் பரப்பி, ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே 25 மில்லிமீட்டர் ரீப்பர்களை அரை மீட்டருக்கு ஒன்றாக வைத்து அடுக்கினோம். ரீப்பர்கள் ஒன்றின் நேர் கீழே ஒன்று இருக்க வேண்டும் என்பதில் தச்சர் விட்டுக்கொடுக்கவே இல்லை. கோடு தப்பினால் மேலடுக்கின் சுமை கீழ்ப்பலகையை வளைத்து, அந்த வளைவிலேயே அது உலர்ந்து நிலைத்துவிடும்.

அங்குலத்துக்கு ஓர் ஆண்டு என்ற பழைய கணக்கு வழக்கில் உண்டு. எங்கள் அடுக்கு எட்டு மாதங்களில் சராசரியாக 17 விழுக்காட்டுக்கு வந்தது. சராசரி என்ற சொல்லை இங்கே நம்பக் கூடாது. தேக்கு நிதானமாகவும் அதிகம் கெடாமலும் உலரும் மரம் என்றாலும், ஒரே அடுக்கில் பலகைக்குப் பலகை உலரும் வேகம் வெகுவாக மாறுபடும். ஊசி வைத்து அளக்கும் கருவி சில பலகைகளில் 14 காட்டியது, சிலவற்றில் 21. அந்தக் கருவியையும் முழுதாக நம்பாமல், பலகையின் முனையிலிருந்து ஒன்றரைச் சாண் உள்ளே தள்ளி ஒரு சிறு துண்டு அறுத்து, எடை போட்டு, 103 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எடை மேலும் குறையாத நிலைவரை காயவைத்து, மறுபடி எடை போட்டுச் சரிபார்த்தோம். இழந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்தால் கிடைப்பதே உண்மையான ஈரம். பிறகு எல்லாப் பலகைகளையும் உலர்த்தும் சூளைக்கு அனுப்பினோம். வேகம் கூட்டுவது மட்டும் அதன் நோக்கம் அல்ல. வெறும் காற்றில் உலர்ந்த மரத்தின் வெள்ளைப் பகுதியில் மாவுச்சத்தைத் தின்னும் தூள்வண்டின் முட்டைகள் இருக்கக்கூடும், சூளையின் வெப்பம் அவற்றைக் கொல்லும். தரை போட்ட மறு ஆண்டில் குண்டூசித் துளைகளும் அவற்றின் கீழே மாவு போன்ற தூளும் தோன்றுவது உள்ளூர் மரத்தில் அடிக்கடி கேட்கும் குறை. வெப்பமூட்டினால் அதைத் தவிர்த்துவிடலாம்.

எந்த ஈரத்துக்கு உலர்த்துவது என்பதற்கு வீடே விடை சொன்னது. பலகைகள் கொட்டகையில் இருந்த மாதங்களில், அதே மரத்தின் சிறு துண்டுகள் நான்கை வீட்டு அறைகளில் வைத்து வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துவந்தோம். ஈரமான நாட்களில் அவை 15 விழுக்காட்டில் நின்றன, வறண்ட நாட்களில் 10-க்கு இறங்கின. ஆகவே 12 முதல் 13-க்குள் உலர்த்திப் பதித்தால் இருபக்க அசைவும் சமமாகப் பங்கிடப்படும் என்று முடிவு செய்தோம். பெட்டிப் பலகையைப் பிரித்த அன்றே பதிக்கலாம் என்ற பேச்சை நான் ஏற்காததும் இதனால்தான். எங்கேயோ ஒரு வறண்ட ஆலையில் 7 விழுக்காட்டுக்கு உலர்த்தப்பட்ட பலகை இந்த வீட்டில் இறுக்கமாகப் பதிக்கப்பட்டால், ஈரமான பருவத்தில் ஒன்றையொன்று நெட்டித் தள்ளி மேலே எழும்பிவிடும்.

இனி எங்கள் பிழை. பலகையின் ஈரத்தை இவ்வளவு கவனித்த நாங்கள், அதன் அடியில் இருந்த கான்கிரீட்டின் ஈரத்தைப் பாதியளவே கவனித்தோம். 45 சென்டிமீட்டர் சதுரப் பாலித்தீன் தாளின் நான்கு விளிம்புகளையும் தரையில் ஒட்டி, ஒரு நாள் கழித்துத் தூக்கிப் பார்க்கும் எளிய சோதனையைக் கூடத்திலும் ஒரு படுக்கையறையிலும் செய்தோம். இரண்டிலும் தாளின் அடிப்பக்கம் காய்ந்தே இருந்தது. மூன்றாவது அறையில் செய்யவில்லை. அந்த அறையின் ஒரு மூலையில் குழாய் பழுதுக்காகத் தளத்தை உடைத்து, நூறு மில்லிமீட்டர் கனத்துக்குப் புதிதாகக் கான்கிரீட் இட்டு ஆறு வாரங்களே ஆகியிருந்தன. புதுக் கான்கிரீட் 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மாதம் என்ற அளவிலாவது காய வேண்டும். அதன்படி அந்த மூலைக்கு நான்கு மாதங்கள் தேவை. அடியில் பாலித்தீன் விரித்திருக்கிறோமே என்று ஆறுதல் கொண்டோம். ஆனால் பலகைகளைத் தாங்கும் சட்டங்களைத் தளத்தோடு பிணைத்த திருகாணிகள் அதே பாலித்தீனைத் துளைத்துச் சென்றிருந்தன, தாள்கள் ஒன்றின் மேல் ஒன்று படிந்த இடங்களும் ஒட்டப்படவில்லை.

ஐந்தாவது வாரத்தில் அந்த மூலையில் கால் வைத்தபோது வரிவரியாக உணர முடிந்தது. பலகையின் அடிப்பக்கம் ஈரம் குடித்து விரிந்து, மேல்பக்கம் விரியாமல் நிற்க, ஒவ்வொரு பலகையும் இரு விளிம்புகளும் தூக்கிய ஓடு போல ஆகியிருந்தது. இழைத்துச் சமன் செய்துவிடலாம் என்ற யோசனை உடனே வந்தது. தச்சர் தடுத்தார், அது சரியான தடுப்பு. ஈரத்தோடு இருக்கும் நிலையில் தூக்கிய விளிம்பை இழைத்துவிட்டால், பின்னர் அடிப்பக்கம் காய்ந்து பலகை தட்டையாகும்போது விளிம்புகள் தாழ்ந்து நடு மேடாகி நின்றுவிடும். கழற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. பதினாறு பலகைகளைப் பின்பக்கம் எண்ணிட்டுக் கழற்றி, ரீப்பர் வைத்து அடுக்கிவிட்டு, அந்த மூலையை மூன்று மாதங்கள் திறந்தே போட்டோம். பலகைகளில் பதினான்கு தட்டையாகத் திரும்பி வந்தன. மீதி இரண்டுக்குப் பதிலாக, அறுவையின்போதே கூடுதலாக எடுத்துவைத்திருந்தவை பயன்பட்டன. மரத்தை அருகிலிருந்து வாங்கியதன் பயன் இங்கும் தெரிந்தது: அதே தோட்டத்து மரத்தின் மிச்சப் பலகைகள் நிறத்தில் ஒத்துப்போயின.

மேற்பூச்சில் தேக்கு ஒரு தனிக் கவனத்தைக் கோருகிறது. அதன் இயற்கை எண்ணெய் பசையையும் சில வகைப் பூச்சுகளையும் சரியாக இறுக விடாது. ஆகவே தேய்த்து முடித்த பரப்பைக் கரைப்பான் நனைத்த துணியால் துடைத்து, அன்றே முதல் பூச்சைக் கொடுத்தோம். பலகைகளை இணைத்தது நாக்கின் வழியே சாய்வாக அடித்த ஆணிகள்தான். பசை எங்கும் இடவில்லை. தேக்கில் உள்ள சிலிக்கா இழைப்புளியின் கூர்மையை விரைவில் மழுக்கியது. தேக்குத் தூள் தோலுக்கும் மூச்சுக்கும் ஒவ்வாதது என்பதால் வேலை செய்தவர்கள் அனைவரும் முகக்கவசம் அணிந்தே தேய்த்தார்கள். பூச்சு காய்ந்த அன்று தரையைப் பார்த்தபோது பச்சையும் கருமையுமான கோடுகள் ஓடி, பலகைக்குப் பலகை நிறம் மாறி, பெட்டி மரத்தின் ஒழுங்கு எதுவும் இல்லாமல் இருந்தது. புதிதாக இழைத்த தேக்கின் இயல்பு அது என்று படித்திருந்தும் மனம் சற்றுச் சோர்ந்தது. வெளிச்சம் பட்டு அது பொன்பழுப்பாக ஒன்றுசேரச் சில வாரங்கள் ஆகும்; அதுவரை விரிப்பு எதையும் போடக் கூடாது, போட்டால் அந்த இடம் மட்டும் பின்தங்கித் தெரியும்.

ஒரு முழு ஈரப் பருவமும் ஒரு முழு வறண்ட பருவமும் கடந்த பின் அளந்தோம். வறட்சியின் உச்சத்தில் கூடத்தின் இடுக்குகள் காகித அட்டை ஒன்று நுழையும் அளவுக்கு விரிந்தன, படுக்கையறைகளில் அரை மில்லிமீட்டரை ஒட்டி நின்றன. ஈரம் ஏறியதும் எல்லாம் மூடின. சுவரோரம் 12 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு மேலே மூடுசட்டம் அடித்திருந்ததால் எங்கும் தரை எழும்பவில்லை. மறுபடி செய்வதானால், மூன்று அறைகளிலும் தளத்தைச் சோதிப்பேன். சட்டங்களைப் பிணைத்த பிறகு ஒவ்வொரு திருகாணியைச் சுற்றியும் பாலித்தீனை ஒட்டுவேன். பலகை வாங்கும் முன்பே உலர்த்தக் கொட்டகையைத் தேடியிருப்பேன். காத்திருக்க ஓர் ஆண்டு இல்லாதவர்களுக்கு, அருகிலுள்ள ஆலை ஏற்கெனவே உலர்த்தி வைத்திருக்கும் பலகையை, ஈரத்தைத் தாங்களே அளந்து பார்த்து வாங்குவதையே பரிந்துரைப்பேன். மிச்சமிருக்கும் ஒன்பது பலகைகள் பிழை நேர்ந்த அதே அறையின் கட்டிலுக்கு அடியில், ரீப்பர் வைத்து, வீட்டின் ஈரத்தோடு ஏறி இறங்கியபடி இருக்கின்றன.